காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி

2024 ஆகஸ்ட் 28 முதல் நாட்டின் பெருந்துறைமுகங்கள் அனைத்திலும் காலவரையற்ற வேலைநிறுத்தம் என்று ஆறு தொழிலாளர் சம்மேளனங்கள் அறிவித்திருந்தன. முந்தைய நாளே மும்பையில் உடன்பாடு வந்துவிட்டது. 2021 டிசம்பர் 31 அன்றிருந்த அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, அதில் 8.5 சதவீத உயர்வு. மாதம் 500 ரூபாய் சிறப்புப்படி. 2022 ஜனவரி 1 முதல் ஐந்தாண்டுக்கு இது செல்லும். இதற்கு முன் 2018இல் கையெழுத்தான ஒப்பந்தத்தில் உயர்வு 10.6 சதவீதம். ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் துறைமுகத்தில் வேலை செய்யும் குடும்பங்கள் அந்த வாரம் பேசியது இதைத்தான்: எத்தனை பர்சன்ட், அரியர்ஸ் எப்போது, போன தடவையைவிட ஏன் குறைந்தது?

அந்தக் கேள்விகளில் தவறில்லை. முந்தைய ஒப்பந்தம் முடிந்து முப்பத்திரண்டு மாதம் காத்திருந்தவர்கள் வேறு எதைக் கேட்பார்கள்? ஆனால் வடசென்னையின் துறைமுக, தொழிற்சாலைக் கூலி வரலாற்றைத் தொடர்ந்து படிக்கும்போது சதவீதத்துக்கு அடியில் இன்னொரு கேள்வி கிடப்பது தெரிகிறது. கப்பல் வராத நாளுக்கும், கிரேன் பழுதான மணிக்கும், வண்டி நகராத இரவுக்கும் யார் பணம் தருவது? இந்தப் பகுதியில் நூறாண்டாக நடந்த ஒவ்வொரு பெரிய கூலிப் பேச்சும் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வந்து நின்றிருக்கிறது. கூலி விதிகளை அளக்க வேண்டியதும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் என்பது என் கருத்து.

துறைமுக வேலையில் டேட்டம் என்று ஒன்று உண்டு. ஒரு கேங், அதாவது தொழிலாளர் குழு, ஒரு ஷிப்டில் இத்தனை டன் ஏற்ற வேண்டும் அல்லது இறக்க வேண்டும் என்று சரக்குக்குச் சரக்கு வரையறுத்த அளவு அது. மூட்டைக்கு ஒன்று, இரும்புச் சுருளுக்கு ஒன்று, மரத்தடிக்கு ஒன்று. அந்த அளவு வரை நாட்கூலி, அதைத் தாண்டிய டன்னுக்குப் பீஸ் ரேட். கேட்க எளிதாக இருக்கிறது. சிக்கல் முழுவதும் நின்றுபோன நேரத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதில் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். டேட்டம் 100 டன், ஷிப்ட் எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். மழையில் ஒரு மணி நேரம் போயிற்று. கிரேன் நின்றதில் இன்னொரு மணி. மிச்சமுள்ள ஆறு மணி நேரத்தில் கேங் 90 டன்னை இறக்கிவிட்டது. டேட்டத்தை 100 என்றே வைத்தால் ஊக்கத்தொகை ஒரு பைசா கிடையாது. நின்ற இரண்டு மணியைக் கழித்து டேட்டத்தை 75 ஆக்கினால் 15 டன்னுக்கு ஊக்கத்தொகை உண்டு. மழை அதே மழைதான், உழைத்த ஆட்களும் அவர்கள்தான். ஒப்பந்தத்தின் ஒரு துணைப்பிரிவில் ‘கழிக்கப்படும்’ என்று எழுதியிருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து வீட்டுக்குப் போகும் பணம் மாறுகிறது. மாதக் கணக்கில் பார்த்தால் இந்தத் துணைப்பிரிவு ஓரிரு சதவீத உயர்வை எளிதில் விழுங்கிவிடும். கேட் மீட்டிங்கில் முதலில் ஒலிப்பது சதவீதம்; அனுபவமுள்ள சங்கக்காரர் முதலில் புரட்டிப் பார்ப்பது இந்தப் பிரிவு.

சென்னையின் மறுகோடியில், மீனம்பாக்கத்தில் ஏறி இறங்கும் விமானிகளின் சம்பளத் தகராறும் இதே இடத்தில்தான் வெடித்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். விமானியின் வருமானத்தில் பெரும்பங்கு பறந்த மணிக்கணக்கில் வருவது. நிறுவனம் பறக்க அனுப்பாவிட்டாலும் மாதம் இத்தனை மணிக்குப் பணம் உறுதி என்று ஓர் அடித்தளம் அதில் இருக்கும். கொரோனாவுக்கு முன் ஏர் இந்தியாவில் அது 70 மணியாக இருந்தது. டாடா குழுமத்தின் கைக்கு வந்தபின், 2023 ஏப்ரலில் நிர்வாகம் முன்வைத்த புதிய சம்பள அமைப்பு அதை 40 மணி என்றது. இந்தியன் பைலட்ஸ் கில்டும் இந்தியன் கமர்ஷியல் பைலட்ஸ் அசோசியேஷனும் அதை ஏற்க மறுத்தன. 1,500க்கும் மேற்பட்ட விமானிகள் ரத்தன் டாடாவுக்கு மனு அனுப்பினார்கள். மூத்த கமாண்டர்களை நிர்வாகப் பிரிவில் சேர்க்கும் ஏற்பாடும் அதில் இருந்தது. அது நடந்தால் அவர்கள் சங்கத்தில் நீடிக்க முடியாது என்பது விமானிகளின் அச்சம். அடுத்த ஆண்டு, ஏர் இந்தியாவோடு இணையவிருந்த விஸ்தாராவிலும் இதே 40 மணி ஒப்பந்தம் நீட்டப்பட்டது. 2024 மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் விமானிகள் இல்லாமல் நூற்றுக்கும் மேற்பட்ட விஸ்தாரா விமானங்கள் ரத்தாயின. நாற்பது மணிக்கு மேல் பறந்தால் கூடுதல் பணம் உண்டு என்றது நிர்வாகம். உண்மைதான். ஆனால் யார் எத்தனை மணி பறப்பது என்று பட்டியல் போடுவது விமானி அல்ல.

கேபின் பணியாளர் நிலை இதைவிட மோசம். பல நாடுகளில் விமானக் கதவு மூடி வண்டி நகரத் தொடங்கினால்தான் அவர்களுக்குச் சம்பள மணி ஓடும். பயணிகளை ஏற்றி, பெட்டிகளை அடுக்கி, பாதுகாப்புச் சோதனை செய்யும் நேரம் கணக்கில் வராது. 2025 ஆகஸ்டில் ஏர் கனடாவின் 10,000 பேர் வேலையை நிறுத்தியது முக்கியமாக இந்தத் தரைநேரத்துக்காக. வேலைக்குத் திரும்பச் சொல்லி அரசு போட்ட உத்தரவையும் மீறி நின்று, தரைநேரத்துக்கும் சம்பளம் என்ற கொள்கையை ஒப்பந்தத்தில் ஏற்றினார்கள்.

இலட்சங்களில் சம்பளம் வாங்கும் விமானியையும் மூட்டை தூக்கும் தொழிலாளியையும் ஒரே வரிசையில் நிறுத்துவது சரியா என்று கேட்கலாம். வருமானத்தில் இருவரும் இரு துருவம். கூலி விதியின் கட்டுமானத்தில் வேறுபாடு இல்லை: செய்த அளவுக்குப் பணம், செய்ய விடாத நேரத்துக்கு உறுதி உண்டா இல்லையா என்ற சண்டை. 1889இல் லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தியதிலும் இந்தச் சண்டை இருந்தது. மணிக்கு ஆறு பென்ஸ் என்ற கோரிக்கை மட்டுமே வரலாற்றில் பேர் வாங்கியது. அதோடு சேர்ந்த இன்னொரு கோரிக்கை, ஒருவரை வேலைக்குக் கூப்பிட்டால் குறைந்தது நான்கு மணி நேரக் கூலி தர வேண்டும் என்பது. அரை மணி வேலைக்குக் கூப்பிட்டுத் திருப்பி அனுப்பும் வழக்கத்தை உடைத்தது அந்த இரண்டாவது கோரிக்கை.

நம் பக்கத்தில் அந்த வழக்கம் இன்னும் ஐம்பது அறுபது ஆண்டு நீடித்தது. காலையில் துறைமுக வாசலில் கூட்டம் நிற்கும், மேஸ்திரி ஆள் பொறுக்குவார், மற்றவர்கள் வெறுங்கையோடு வீடு திரும்புவார்கள். 1918 ஏப்ரலில் பி.பி. வாடியா தலைமையில் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோதும் வாசல்கூலிகளுக்குச் சங்கம் எட்டாத தொலைவில்தான் இருந்தது. ஆலைக்காரருக்கு நாளை வேலை உண்டு என்பதாவது தெரியும். வாசலில் நிற்பவருக்கு அதுவும் தெரியாது. துறைமுகக் கூலிகளைப் பதிவுசெய்து வேலையை முறைப்படுத்த வேண்டும் என்று 1931இல் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த ராயல் கமிஷன் பரிந்துரைத்தது. சுதந்திரத்துக்குப் பின், 1948இல்தான் டாக் தொழிலாளர் சட்டம் வந்தது. அதன்கீழ் 1950களில் சென்னைக்கும் டாக் லேபர் போர்டு அமைந்தது.

அந்த போர்டின் அமைப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இன்று அதைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் ஊதாரித்தனத்தை மட்டும் நினைவுகூர்கிறார்கள். பதிவுபெற்ற தொழிலாளர் ஒரு பொதுத் தொகுப்பில் இருப்பார். கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒப்பந்தக்காரரான ஸ்டீவடோர் எவருக்குக் கப்பல் வந்தாலும் சுழற்சி முறையில் அந்தத் தொகுப்பிலிருந்து கேங் போகும். வேலை கிடைக்காத நாளில் வந்து கையெழுத்துப் போட்டவருக்கு வருகைக்கூலி. மாதத்தில் குறைந்தபட்சம் இத்தனை நாளுக்குச் சம்பளம் உறுதி. இதற்கான பணம் அரசு கஜானாவிலிருந்து வரவில்லை. வேலை வாங்கிய ஸ்டீவடோர்கள் தாங்கள் கொடுத்த கூலியின்மேல் ஒரு குறிப்பிட்ட விகிதத்தை வரியாக போர்டுக்குக் கட்டினார்கள். கப்பல் வராத நாளின் சுமையை யாரும் தனியாகத் தூக்காமல், அந்தத் தொழிலில் இலாபம் பார்த்த எல்லோரும் பங்கிட்டுக்கொண்டார்கள். வடசென்னையில் அரைப்பட்டினிக் குடும்பங்கள் பல நிலையான குடும்பங்களானதும், பிள்ளைகள் பள்ளியைத் தாண்டிப் போனதும் இந்த ஏற்பாட்டால்தான். நம் தொழிலாளர் சட்ட வரலாற்றில் இதைவிடச் சிறந்த யோசனை அதிகம் இல்லை என்றே நினைக்கிறேன்.

அது சீரழிந்ததையும் சொல்லத்தான் வேண்டும். சரக்குகளின் வடிவம் மாறியும் பழைய டேட்டங்கள் அப்படியே இருந்தன. இயந்திரம் வந்தபின் பழைய அளவை எட்டுவது எளிதாகி ஊக்கத்தொகை உருப்பெருத்தது. தேவையில்லாத இடத்திலும் முழு கேங் எழுதப்பட்டது. ஒப்பந்தக் கூலிக்கு மேல், கப்பலைச் சீக்கிரம் திருப்பி அனுப்ப ஸ்டீவடோர்கள் கொடுத்த ஸ்பீட் மணி ஊரறிந்த விஷயம். அந்தச் செலவைக் கழிக்கலாமா கூடாதா என்று வருமானவரி வழக்குகள் தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. சென்னையைவிட்டுச் சரக்கு நகர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று கப்பல் நிறுவனங்கள் சொன்னதைப் பொய் என்று தள்ள முடியாது. செய்யாத வேலைக்கு ஆள் எழுதுவதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அது வேறு, காத்திருப்புக்குப் பணம் தருவது வேறு. முன்னதைக் காரணம் காட்டிப் பின்னதையும் சேர்த்துத் தூக்கிப் போட்டதுதான் பிழை. 1997இல் பெருந்துறைமுகங்களுக்கு டாக் தொழிலாளர் சட்டம் பொருந்தாது என்று ஆக்கும் சட்டம் வந்தது. சென்னை போர்டு 2001இல் துறைமுகத்தோடு இணைந்தது. உள்ளே இருந்தவர்களுக்கு உரிமைகள் தொடர்ந்தன. புதிதாக வந்தவர்களுக்கு வாசல் திறக்கவில்லை.

இயந்திரம் வந்த இந்தக் கட்டத்தை அமெரிக்காவின் மேற்குக் கரை வேறுவிதமாகக் கடந்தது. 1960இல் ஹாரி பிரிட்ஜஸ் தலைமையிலான சங்கம் இயந்திரங்களை ஏற்றுக்கொண்டு கையெழுத்திட்டது. அதற்கு ஈடாகப் பதிவுபெற்ற தொழிலாளருக்கு வேலை குறைந்தாலும் வாராந்தர வருமான உறுதியும், முன்கூட்டி ஓய்வுபெறுவோருக்குப் பணமும் வாங்கியது. நியூயார்க் பக்கம் ஆண்டு முழுமைக்கும் வருமான உறுதி என்ற ஏற்பாடு சில ஆண்டுகளில் வந்தது. இன்றும் அந்தச் சங்கங்கள் வலுவாக இருக்கின்றன. 2024 அக்டோபரில் மூன்றே நாள் நின்று, ஆறு ஆண்டுகளில் 61.5 சதவீத உயர்வுக்கு வழி செய்துகொண்டது கிழக்குக் கரைச் சங்கம். சென்னையில் 1983இல் கன்டெய்னர் முனையம் வந்தது, 2001இல் அது தனியார் கைக்குப் போனது. இங்கே பதிலாகக் கிடைத்தது பெரும்பாலும் விருப்ப ஓய்வு. ஓய்வுபெற்றவர் இடம் நிரப்பப்படவில்லை. 2018 ஒப்பந்தம் நாடு முழுவதும் சுமார் 32,000 துறைமுக ஊழியர்களுக்கானது. 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை திருத்திய உற்பத்தி ஊக்க ஊதியத் திட்டத்தில் பயன்பெறுவோர் என்று சொல்லப்பட்ட எண்ணிக்கை 20,704.

அந்தத் திட்டத்தின் விதியையும் கவனிக்க வேண்டும். முன்பு ஊக்க ஊதியத்தில் பாதி அந்தந்தத் துறைமுகத்தின் செயல்பாட்டையும் பாதி அகில இந்தியச் செயல்பாட்டையும் பொறுத்திருந்தது. இப்போது அந்தந்தத் துறைமுகத்தின் பங்கு 55, பிறகு 60 சதவீதம் என்று ஏறுகிறது. தன் துறைமுகம் நன்றாக நடந்தால் தனக்குப் பலன் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சென்னைக்கு அது எளிதல்ல. தூசி மாசால் ராயபுரம் மக்கள் பட்ட துன்பத்தைக் கருதிச் சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் இங்கே நிலக்கரி, இரும்புத்தாது கையாள்வதை நிறுத்தச் சொன்னது. சரியான தீர்ப்பு, அந்தக் கரித்தூசியைச் சுவாசித்தவை துறைமுகத் தொழிலாளரின் பிள்ளைகள் உட்பட இந்தத் தெருக்களின் பிள்ளைகள்தான். ஆனால் அந்தச் சரக்கோடு போன வருமானத்தை ஈடுகட்ட எந்தக் கூலி விதியும் எழுதப்படவில்லை. 2001இல் திறந்த எண்ணூர்த் துறைமுகம், பின்னாளில் காமராஜர் துறைமுகம், தொடக்கத்திலிருந்தே நேரடி ஆட்கள் மிகக் குறைவாக வைத்துக்கொண்டு, முனையங்களைத் தனியாரிடம் விட்டு நடப்பது. பக்கத்திலுள்ள காட்டுப்பள்ளி 2018 முதல் அதானி குழுமத்திடம் இருக்கிறது. இந்த இரண்டு இடங்களிலும் சரக்குக்காக உழைப்போரில் பெரும்பாலோர் கான்ட்ராக்ட் ஆட்கள். மும்பையில் கையெழுத்தாகும் எந்தச் சதவீதமும் அவர்களைத் தொடாது.

துறைமுகத்துக்கு வெளியே, சாலையில் நிற்பவர்களைப் பற்றி இதுவரை சொல்லவில்லை. ஜீரோ கேட்டிலிருந்து காசிமேடு வழியாக எண்ணூர் விரைவுச்சாலையில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்பது திருவொற்றியூர்க்காரர்களுக்குப் பழகிப்போன காட்சி. சாலை விரிவாக்கத் திட்டம் ஆண்டுக்கணக்கில் இழுத்தபோது அந்த வரிசை கிலோமீட்டர் கணக்கில் நீண்டது; ஓர் இரவு முழுவதும் வண்டியிலேயே கழியும் நாட்கள் வந்தன. டிரைவருக்குக் கூலி நடைக்கணக்கில். ஒரு டிரிப்புக்கு இவ்வளவு, சாப்பாட்டு பேட்டா இவ்வளவு. ஒரு நாளில் இரண்டு நடை அடிக்க வேண்டியவர் வரிசையில் மாட்டி ஒன்று அடித்தால் வருமானம் பாதி. கழிப்பறை கிடையாது, தூக்கம் கிடையாது, வண்டியை விட்டு இறங்கினால் இடம் போய்விடும். டிரெய்லர் உரிமையாளர்கள் வாடகை உயர்வு கேட்டுப் பலமுறை வண்டிகளை நிறுத்தியிருக்கிறார்கள். கூடுதல் வாடகையில் காத்திருப்புக் கூலியாக டிரைவர் கைக்குப் போவது எவ்வளவு என்ற பேச்சு அந்தப் பேச்சுவார்த்தைகளின் ஓரத்தில்கூட வந்ததாகத் தெரியவில்லை.

துறைமுகத்தில் காத்திருப்புக்கு விலையே இல்லை என்றால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே மற்ற எல்லாக் காத்திருப்புக்கும் விலை உண்டு. ஒப்புக்கொண்ட நாட்களுக்குள் சரக்கை இறக்காவிட்டால் கப்பல்காரருக்கு நாளொன்றுக்கு இத்தனை டாலர் என்று டெமரேஜ் கட்ட வேண்டும். இலவச நாட்கள் தாண்டி யார்டில் கிடக்கும் கன்டெய்னருக்குத் தரை வாடகை. காலிப் பெட்டியைத் தாமதமாகத் திருப்பினால் டிடென்ஷன். இரும்புப் பெட்டி சும்மா கிடப்பதற்கு மணிக்கணக்கில் ரசீது போடும் ஒரு தொழில், அந்தப் பெட்டியை முதுகில் சுமந்த வண்டியில் உட்கார்ந்திருக்கும் மனிதரின் இரவுக்கு ரசீது போடுவதில்லை. 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நிலையத்தில் வெறுமனே காத்திருக்கும் நேரம் பதினைந்து நிமிடத்துக்குக் குறைவென்றால் அதையும் வேலை நேரமாகக் கொண்டது. பத்து மணி நேர வரிசையை அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் கற்பனை செய்திருக்க மாட்டார்கள்.

தொழிற்சாலைப் பக்கமும் இந்தக் கேள்வி இல்லாமல் இல்லை. 2019 செப்டம்பரில் லாரி விற்பனை சரிந்தபோது அசோக் லேலண்ட் எண்ணூர் ஆலைக்கு 16 வேலையில்லா நாட்களை அறிவித்தது. நிரந்தரத் தொழிலாளிக்குச் சட்டத்தில் ஒரு தளம் இருந்தது: லே-ஆஃப் என்றால் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் பாதி. சங்கம் வலுவாக இருந்தால் பேசி மேலும் வாங்கலாம். லேலண்டுக்கு உதிரிபாகம் செய்துகொடுத்த அம்பத்தூர், மணலிப் பட்டறைகளில் வேலை செய்தவர்களுக்கு அப்படிப் பேச யாரும் இல்லை.

காசிமேட்டு விசைப்படகில் போகிறவருக்கு மாதச் சம்பளம் இல்லை, பங்குதான். டீசல், ஐஸ் செலவு போக மிஞ்சுவதில் உரிமையாளருக்கு ஒரு பகுதி, படகில் போனவர்களுக்கு ஒரு பகுதி. மீன் இல்லாமல் திரும்பினால் உழைப்பு அத்தனையும் போயிற்று. இங்கே ஒரு காத்திருப்புக்கு மட்டும் விலை கிடைத்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மாநில அரசு குடும்பத்துக்கு 8,000 ரூபாய் தருகிறது. தொகை போதாது. ஆனாலும் பொது நன்மைக்காக ஒருவரைச் சும்மா இருக்கச் சொன்னால் அதற்கு ஈடு தர வேண்டும் என்பதை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. துறைமுக வாசலில் நெரிசல் ஏற்படாமல் இருக்க டிரெய்லரைச் சாலையில் நிறுத்தச் சொல்லும்போதும் இதே நியாயம் பொருந்தாதா?

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கும் நேர அடிப்படையில் ஒரு குறைந்தபட்சக் கூலி உறுதி வேண்டும் என்ற 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கொள்கை ஊதியத் தொகுப்பிலும் தொடர்கிறது. இது நல்லது, டிரிப் கூலிக்காரர்களுக்காக வாதாடுபவர்கள் கையில் எடுக்க வேண்டிய பிரிவும் இதுதான். தொழிலுறவுத் தொகுப்பு வேறு பக்கம் இழுக்கிறது. 51 சதவீத உறுப்பினர் உள்ள சங்கமே பேசும் சங்கம். யாருக்கும் அந்த அளவு இல்லையென்றால் பேச்சுவார்த்தைக் குழு. பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம். முன்னறிவிப்பு இல்லாமல் எந்த நிறுவனத்திலும் வேலையை நிறுத்த முடியாது. ஒரே நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் ஆயிரம் பேர் இருக்கும் இடத்துக்கு எழுதப்பட்ட விதிகள் இவை. பத்து வண்டி வைத்திருக்கும் உரிமையாளரிடம் வேலை செய்யும் டிரைவர் யாருடைய 51 சதவீதத்தில் வருவார்?

நடப்பு துறைமுக ஒப்பந்தம் 2026 டிசம்பர் 31 அன்று முடிகிறது. சம்மேளனங்கள் புதிய கோரிக்கைப் பட்டியலில் சதவீதத்தைக் கட்டாயம் எழுதும், எழுதவும் வேண்டும். அதோடு, தனியார் முனையங்களிலும் காமராஜர் துறைமுகத்திலும் உள்ள கான்ட்ராக்ட் தொழிலாளர்களுக்கு நின்ற நேரத்தைக் கழித்துக் கணக்கிடும் டேட்டமும், வந்து திரும்பிய நாளுக்கு வருகைக்கூலியும் கேட்க வேண்டும். பழைய போர்டின் வரி முறையை டிரெய்லர்களுக்குக் கொண்டுவருவதும் கடினமல்ல. ஒவ்வொரு கன்டெய்னருக்கும் ஒரு சிறு தொகையை முனையமும் கப்பல் முகவரும் பொது நிதியில் போட்டால், குறித்த நேரத்துக்கு மேல் வரிசையில் நிற்கும் டிரைவருக்கு மணிக்கூலி கொடுக்கலாம். வண்டிகளில் ஜி.பி.எஸ். இருக்கிறது, கேட்டில் நுழைவு நேரம் பதிவாகிறது. கணக்குக்கு வேறு கருவி தேவையில்லை. அந்த மணிகளுக்குப் பணம் கட்ட வேண்டிவந்தால் வரிசையைக் குறைக்கும் அக்கறை முனையங்களுக்குத் தானாக வரும். இதைப் பேசத் துறைமுக ஆணையமும், முனையங்களும், டிரெய்லர் உரிமையாளர்களும், டிரைவர் சங்கங்களும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். அவர்களை அழைக்கும் அதிகாரம் மண்டலத் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்துக்கு உண்டு. அந்த அழைப்பைக் கேட்டு முதல் மனுவை எழுத வேண்டியவை, இப்போதைக்குச் சட்டப்படி மேசையில் இடம் உள்ள துறைமுகச் சங்கங்கள்.